சாட்சி தேவையில்லை

நீதிமன்றப் பழைய ஆவண அறையில்
மின்விசிறிக்கு ஒரு இறக்கை இல்லை.
பைரோசா கோப்பைத் தட்டினாள்,
இராமபாணங்கள் சிதறி ஓடின.
"அதுகள் தின்னாத பக்கம்தான் உங்களுக்கு."

எனக்கு வேண்டியிருந்தது ஒரு வரி.
குடும்ப மரத்தில் கிறகோரி என்ற கொப்பின் கீழே
பிறப்பு இருந்தது, இறப்பு இருந்தது,
நடுவில் ஒரு சின்னக் கோடு.
"அந்தக் கோட்டில ஏதாவது இருக்கோ பார்"
என்று ஒஸ்லோவிலிருந்து தங்கை எழுதியிருந்தாள்.

கிறகோரி, அப்பப்பாவின் தமையன்.
பீரங்கிப் படையில் கடைநிலை.
துறைமுக வாயைப் பார்த்த மேட்டில்,
நாற்பத்திரண்டு சித்திரையில்,
குண்டு விழுந்த காலையில் செத்தவர்.
"பாவி, ஒண்டும் வைக்காமல் போயிட்டான்."
எங்கள் வீட்டில் அவருக்கு இருந்த கல்வெட்டு
அவ்வளவுதான்.

ஒன்றும் வைக்காதவரின் மரணசாதனம்
ஒரு உள்ளங்கை அகலம்.
சம்பளப் புத்தகத்தின் கடைசித் தாள்.
குத்திய குண்டூசி துருவாகி, துரு தாளாகி.
போரில் நிற்பவன் எழுதினால் சாட்சி தேவையில்லை,
குண்டுக்கு நடுவில் யாரைத் தேடிக் கையெழுத்து வாங்குவது,
சட்டம் அந்த ஓரிடத்தில் இளகியிருக்கிறது
என்றாள் பைரோசா, தேநீருக்குப் போகிற அவசரத்தில்.

நான் இறந்தால் என் உடைமை எல்லாம்,
என்று ஆங்கிலத்தில் அச்சு. பிறகு புள்ளிக்கோடு.
புள்ளிக்கோட்டின் மேல் நீலப் பென்சில்:
ரலி சைக்கிள் ஒன்று, டைனமோ லாம்போடு.
சம்பளப் பாக்கி ரூபா பதினேழு.
பெறுபவரின் பெயர் மட்டும் தமிழில்.
அதை இன்னொரு எழுத்தில் கூட்ட
மனம் வரவில்லைப் போல.
பேச்சியம்மாள்,
எண்ணெய்க் குதக் கூலி லயன்,
ஏழாம் காம்பரா, சீனன்குடா.

யன்னலுக்கு வெளியே ஒரு மான்
பொலித்தீன் பையைச் சப்பிக்கொண்டிருந்தது.

அந்தச் சைக்கிளை எனக்குத் தெரியும்.
அதன் பாரில் துவாய் சுற்றி
பாலையூற்றிலிருந்து பள்ளிக்கூடம் போனவர் அப்பா.
அப்பப்பா அதில்தான் பெண் பார்க்கப் போனார்.
உவர்மலை இறக்கத்தில் அதன் செயின் கவர் நசுங்கிய கதை
ஒவ்வொரு நத்தாருக்கும் இறைச்சிக் கறியோடு வரும்.
கூடத்துப் படத்தில் அவர் நிற்கிறார்,
ஹாண்டிலில் ஒரு கை,
காசு கொடுத்து வாங்கியவனின் கை மாதிரியே.

கோப்பில் இன்னொரு தாள்.
பெறுபவரைக் கண்டுபிடிக்க இயலவில்லை.
பொருட்கள் நெருங்கிய உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டன.
கீழே ம. லாசரஸ்.
அப்பா ஊரில் இல்லாத தவணைகளில்
என் ரிப்போட்டில் விழுந்த அதே கையெழுத்து,
கடைசி ஸ்-இன் வால் சுழித்து.

சீனன்குடா அப்போது ஐந்து மைல்.
சைக்கிளில் போனால் முக்கால் மணித்தியாலம்.

நானும் போனேன், ஓட்டோவில்.
லயன் இருந்ததாகச் சொன்ன இடத்தில் ஈச்சம் பற்றை.
வாக்காளர் இடாப்பிலும் இல்லை.
அவளைப் போன்றவர்களை நாடு பிறகு
இடாப்பிலிருந்தே எடுத்துவிட்டது.
குதம் எரிந்த நாட்களில் அங்கே நின்றாளா,
தலைமன்னாரில் கப்பலேறினாளா,
கிளிவெட்டிப் பக்கம் யாருடைய வயலிலோ
நாற்று நட்டு நரைத்து,
சைக்கிள் மணி கேட்டால் நிமிர்ந்து
இல்லை. இதை நான் எழுதக் கூடாது.
எனக்குத் தெரியாது.

இரவு, கிறகோரிக்குப் பக்கத்தில்
ஒரு புதுப் பெட்டி திறந்தேன்.
உறவு என்ன என்று கேட்டது:
மனைவி, மகள், சகோதரி, வேறு.
நாங்கள் கொடுக்க வேண்டியவள் என்று ஒரு தெரிவு இல்லை.
பெயரைத் தட்டினேன், அவர் எழுதியபடியே.
தங்கை நெடுநேரம் பதில் போடவில்லை.
பிறகு கேட்டாள்,
"அந்தச் சைக்கிள் இப்ப எங்க?"

தொண்ணூறில், ஓடிய இரவில்,
கிணற்றடியில் சாத்திவிட்டு ஓடினோம்.
திரும்பி வந்தபோது காணவில்லை.
"ஆரோ கள்ளன் எங்கட சைக்கிளைக் கொண்டு போயிட்டான்"
என்று அப்பா சாகும்வரை ஏசினார்.