தரை

புளியரை சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம்
மைதீன் பிச்சையின் டயர் கடை. மாடியில் நான்.
ராத்திரி பதினொன்றுக்கு வைக்கோல் லாரிகள்
தம்மைவிட அகலமான சுமையோடு நிற்கின்றன.
கணவாய்க் காற்று உருவிப்போட்ட தாள்கள்
மின்கம்பியில் மஞ்சளாய்த் தொங்குகின்றன.

என் கருந்துளை இங்கே இல்லை.
புனேயில், ஐந்நூற்றுப் பன்னிரண்டு கோர்களில் ஓடுகிறது.
எனக்கு வருவது எண்கள் மட்டும்:
காலப்படி, நிறை. காலப்படி, நிறை.

வாயு நேராக உள்ளே விழாது.
கையிலிருக்கும் சுழற்சியை
வெளியே போகிறவனிடம் கொடுத்த பிறகுதான்
ஒரு வட்டம் கீழே இறங்கலாம்.
வகுப்பில் இதற்கு எஸ் வளைவைச் சொல்வேன்.
தப்பான உவமை. லாரிகள் அங்கே ஏறுகின்றன.

மார்ச்சில் தாரை வந்தது.
துருவத்திலிருந்து பீறிட்டு,
கருந்துளைக்குத் தப்பி வெளியே போகும் பொருள்.
கொல்லத்திலிருக்கும் ஜின்சிக்குப் படம் அனுப்பினேன்.
"அடிபொளி" என்றாள்.
கடைப் பையன்கள் எல்லோருக்கும் பரோட்டா வாங்கினேன்,
காரணம் சொல்லாமல்.

வெற்றிடத்தை நிரலால் தாங்க முடியாது.
பூஜ்யத்தால் வகுத்தால் எல்லாம் நின்றுவிடும்.
ஆகவே ஒன்றுமில்லாத இடத்தில்
நாங்களே கொஞ்சம் வாயுவைத் தூவி வைப்போம்.
அதற்குத் தரை என்று பெயர்.
எல்லோரும் செய்வதுதான்.
கட்டுரையில் ஒரு வரி, அடிக்குறிப்பில்.

நேற்று ஜின்சி கேட்டாள்:
"தரையைப் பத்தில் ஒன்றாக்கிப் பார்த்தாயா?"

ஒன்றரை மணிக்குக் காலப்படி சுருங்கியது.
இரண்டு கோடிச் செல்களில் ஒரே ஒரு செல்
அச்சுக்குப் பக்கத்தில் அடம்பிடிக்க,
மற்ற அத்தனையும் அதற்காகக் காத்து நின்றன.
கீழேயும் அதே கதைதான்.
பர்மிட் முடிந்த ஒரு கோழி வண்டி,
அதன் பின்னால் அறுபது ஹார்ன்கள்.

நாலே முக்காலுக்கு விடை.
தாரையின் நிறை பத்தில் ஒன்று.
இரண்டாம் தசமம் வரை பிசகவில்லை.
இவ்வளவு சுத்தமான எண் வானத்திலிருந்து வராது.
நான் தூவியதுதான்
அளவு மாறாமல் என்னிடம் திரும்பியிருக்கிறது.

தாரையில் ஒரு காலை எடுத்தால் தரை.
இதைக் கண்டுபிடிக்க நாலு மாதம்,
ஏழு லட்சம் கோர் மணி.

ஜின்சிக்கு எண்ணை மட்டும் அனுப்பினேன்.
அவளும் தூங்கவில்லை போலிருக்கிறது.
"நாலாம் படம் வேண்டாம்."
கொஞ்சம் கழித்து,
"வட்டு அப்படியே நிற்கிறதே, பார்த்தாயா?"

பார்க்கவில்லை. மார்ச்சிலிருந்தே பார்க்கவில்லை.
திறந்தேன்.
தரையை இறக்கினாலும் அசையாமல்
பருத்த, மந்தமான வளையம் ஒன்று
தன் சுழற்சியைச் சிறுகச் சிறுகக் கொடுத்துக்கொண்டிருந்தது,
யார் படமும் எடுக்காமல்.

கோழி வண்டியை விட்டுவிட்டார்கள்.
வரிசை உறுமி நகர்ந்தது.
லாரிகள் நின்ற இடமெல்லாம்
லாரி அகலத்துக்குக் காய்ந்த தார்ரோடு,
ஒட்டிக்கொண்ட இரண்டு வெள்ளை இறகு.
கேரளத்துப் பக்கமிருந்து சாரல் வந்து
முதல் கட்டத்தை நனைக்கத் தொடங்கியது.