மக்காச்சோளம், இரண்டு கிலோ

முதல் தடவை வந்தபோது கேட்டேன்:
"கோழிக்கா, மாட்டுக்கா?"
மன்மாயா சிரிக்கவில்லை.
"எங்களுக்கு" என்றாள்.
தராசுத் தட்டில் சோளம்
மஞ்சள் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

பள்ளத்தூரில் மாவு மில் என்றால்
அதிரசத்துக்குப் பச்சரிசி, இட்லிப் பொடி,
கல்யாண வீடு வந்தால்
மூட்டை மூட்டையாய் மல்லியும் மிளகாயும்.
சோளம் என்பது தீவனக்காரன் வேலை,
நாளின் கடைசி ஈடு.
கணக்கு நோட்டில் அதற்கொரு பத்தியே இல்லை,
'இதர' என்று எழுதுவேன்.

அவளுக்கு நைசாகவும் கூடாது, நொய்யாகவும் கூடாது.
சூடு ஆறாத மாவை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்து
"இன்னும் ஒரு தடவை" என்பாள்.
நான் கேட்ட அவளுடைய முதல் முழுத் தமிழ் வாக்கியம் அதுதான்.

புருஷன் டேக் பகதூர் காவல் காக்கும் வீட்டுக்கு
முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்.
நடுவில் எத்தனை கதவு என்பது
பினாங்கில் இருக்கும் சொந்தக்காரருக்கே தெரியாது.
இராத்திரி முழுக்க விசில் ஊதிவிட்டு
ஐந்து மணிக்கு வருவான்.
அவள் ஆறரைக்கு
லாட்ஜில் படுக்கை விரிப்பு துவைக்கப் போக வேண்டும்.
கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம்,
ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்.

ஒரு வியாழக்கிழமை
நாச்சம்மை வீட்டு விசேஷத்துக்குச்
சோம்பும் மிளகும் அரைத்த கையோடு,
கல்லைத் துடைக்காமலே
அவள் சோளத்தைக் கொட்டிவிட்டேன்.
வீடு போன பிறகுதான் உறைத்தது.
விடிந்ததும் சண்டைக்கு வருவாள் என்று
மில் வாசலில் நின்றேன்.
வந்தாள். "வா" என்றாள்.

பழைய கார் கொட்டகையில் ஒற்றை அறை.
தண்ணீர் தளதளக்க
இடது கையால் மாவைத் தூவினாள்,
வலது கையில் மரத் துடுப்பு.
"களிதானே இது?"
தலையை ஆட்டினாள்,
ஆமாம் மாதிரியும் இல்லை மாதிரியும்.
"டிண்டோ."

இறுக இறுகச் சட்டி துடுப்போடு சுழலப் பார்க்கும்.
இறக்கித் தரையில் வைத்தாள்.
காக்கிச் சட்டை கழற்றாத டேக் பகதூர்
குந்தி உட்கார்ந்து
துணி சுற்றிய இரண்டு காதையும் பிடித்துக்கொண்டான்.
அவள் கிண்டக் கிண்ட
அவன் தலை ஆடியது, கண் சொருகியது,
வாய் லேசாகத் திறந்துகொண்டது.
சட்டி மட்டும் அசையவில்லை.

தட்டில் ஒரு மஞ்சள் குன்று,
பக்கத்தில் புளிக்கவைத்துக் காயவைத்த
முள்ளங்கிக் கீரையில்
ரசமும் இல்லாத குழம்பும் இல்லாத ஒன்று.
நான் மென்றேன்.
தூங்கியவன் விழித்துச் சிரித்தான்.
மன்மாயா தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்:
"பல்லுக்கு வேலை இல்ல. முழுங்கு."
முழுங்கினேன்.
இறங்கிப் போன பிறகு
மெதுவாக மேலே ஏறி வந்தது சோம்பு வாசம்.

"என் தப்பு" என்றேன். "கல்லைத் துடைக்க மறந்துட்டேன்."
அவள் புருஷனைப் பார்த்தாள்.
அவன் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னான்.
"அடுத்த வாரமும் மறக்கச் சொல்றாரு."

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு அடுப்பில் முயன்றேன்.
கட்டி விழுந்தது. அடி பிடித்தது.
சட்டி என்னோடு சேர்ந்து வட்டமடித்தது.
"டேய் சொக்கு, வந்து பிடி."
ஒரு கையில் சட்டி, ஒரு கையில் போன்.
"ரெண்டு கையாலயும்டா."
எட்டிப் பார்த்தான்:
"இது சாப்பிடவா, இல்ல செவுத்துக்குப் பூசவா?"
"முழுங்கு, மெல்லாத."

சொன்னால் கேட்கிற பிள்ளையா?
மென்றான்.
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
மென்றுகொண்டே இருந்தான்.