தெற்றுப்பல்

துருவை மட்டும் பார், என்றாள் வெர்லீன்.
பல்லைத் தொடாதே.

எண்பத்தேழாம் வருஷத்து பியூக் வேகன்.
பானெட்டிலிருந்து பின்கதவு வரை
ஆயிரத்து இருநூறு பல் அச்சுகள், வெள்ளைச் சுண்ணத்தில்.
அவள் வேலை பார்த்த பல்செட் கூடத்தை மூடியபோது
குப்பைக்குப் போகவிருந்தவை.
ஹூஸ்டனில், டெலிபோன் சாலையில்,
இந்த வண்டி பின்னால் வந்தால்
முன்னால் போகிறவன் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்
தன் வாயை மூடிக்கொள்வான்.

மார்ச்சில் ஆலங்கட்டி மழை.
எலுமிச்சை அளவுக் கட்டிகள், கால் மணி நேரம்.
முன்னூற்றுச் சொச்சம் போயின.
போன இடமெல்லாம் தகடு
சாயம் வெளுத்துப் பல்லிளித்தது.
பல் இல்லாத இடம்தான் பல்லிளிக்கும் என்று
அன்றைக்குத்தான் கவனித்தேன்.

தொடாமல் எப்படி?
வெல்டிங் சூடு சிலிகானுக்கு ஆகாது.
சிலிகான் பெயிண்டுக்கு ஆகாது:
நகக்கண்ணளவு மிச்சம் இருந்தாலும்
மீன்கண் மீன்கண்ணாய் விலகி நிற்கும்.
மூன்று தரம் சொன்னேன்.
மூன்றாம் தரம் அவளே தகட்டுக் கத்தியை எடுத்தாள்.

ஒவ்வொரு அச்சின் அடியிலும் பென்சிலில் ஒரு பெயர்.
எம். ஒகஃபோர். டி. பெல்ட்ரான்.
ஹான்லி, சிறுமி, மேல்தாடை.
முட்டை அட்டைகளில் அடுக்கினோம்:
மூன்று அலமாரி, ஃபிரிட்ஜின் தலை,
பிறகு நான் சாப்பிடும் மேஜை.
பன்னிரண்டு நாள் அவை சிரிக்கச் சிரிக்கச் சாப்பிட்டேன்.
சிரிக்க என்பது தவறு.
சிரிப்புக்கு உதடு வேண்டும்.

வலது முன்சக்கரத்துக்கு மேலே
விரலை வைத்தால் விரல் உள்ளே போனது.
நல்ல தகடு தட்டுப்படும் வரை வெட்டிக்கொண்டே போனேன்.
டாக்டரும் இதைத்தான் செய்வார், என்றாள்.
அவர் முதலில் ஊசி போடுவார், என்றேன்.

பதின்மூன்றாம் நாள்
ஷட்டருக்கு வெளியே ஒரு மனிதர். எஃப்ராயின் லுசெரோ.
ஓடு பதிப்பவர், முழங்காலில் இன்னும் சிமெண்ட்.
நம்பர் பிளேட்டுக்கு மேலே இருந்ததே, எங்கே?
எது?
என் வாய்.

ஆறு வருஷமாக சிக்னலில் அதன் பின்னால் நின்றிருக்கிறாராம்.
என் தெற்றுப்பல் எனக்குத் தெரியாதா, என்று
வாயைத் திறந்து காட்டினார்.
உள்ளே ஒரு கோணல் கிடையாது,
அவர் பதிக்கிற ஓடு மாதிரி, அத்தனையும் கட்டியது.

பத்தொன்பதாம் அட்டையில் கிடைத்தது.
ஈ. லுசெரோ. மேல்தாடை.
சுண்டுவிரலால் தடவினார்.
பாட்டில் மூடி இதால்தான் திறப்பேன், என்றார்.
வேறு எதுவும் சொல்லவில்லை.

நான் வெர்லீனைப் பார்த்தேன்.
தரமாட்டேன், என்றாள்.
யார் கேட்டது? இடத்தை மாற்று.
ஆறு வருஷமாய்ப் புகை தின்கிறது.
முன்னால் வை.

முன்வரிசை குழந்தைகளுக்கு.
அளவு பார்த்து அடுக்கியது, குலையும்.
குலையட்டும்.
அது உன் வண்டியா?
அது என் வாய்.

பல்லைக் கடித்துக்கொண்டு நான் பெயிண்டைக் கலக்கினேன்.

கடைசியில் வலது ஹெட்லைட்டுக்கு மேலே, என் புதுத் தகட்டில்.
சிலிகானைத் தடவி அழுத்தினார்.
டேப் ஒட்டினால் போதும், நீங்கள் போகலாம், என்றேன்.
கேட்கவில்லை. இருட்டும் வரை
உள்ளங்கையால் தன் வாயைப் பொத்தியபடி
பானெட் ஓரம் நின்றிருந்தார்.

ஏப்ரலில், ஊர்வலத்துக்கு முந்தின இரவு,
ஓட்டிப் பார்க்கப் போனோம்.
வேகத்தடையில் ஏறி இறங்கியபோது
வண்டி முழுக்கக் கிடுகிடுவென்று,
குளிரில் நிற்கிற கூட்டம் போல.
ஏதோ ஒன்று தெறித்தது.
நிறுத்து, என்றாள்.
பின்னால் லாரிக்காரன் ஹார்னை அமுக்கினான்.
அவள் டார்ச்சோடு தார் ரோட்டில் மண்டியிட்டுத் தேட,
நான் முன்னால் ஓடி
ஹெட்லைட்டுக்கு மேலே தடவிப் பார்த்தேன்.

இருந்தது.
இன்னும் பிசுபிசுப்பாக.