நீலக்குடியில் இரண்டு மணி

ஆஸ்துமா நெபுலைசரில் தெளித்துப்
பிடித்த சிலிக்கா மணி
லேசர் முனையில் நிற்கிறது,
நிற்காமல்.

காற்றை உறிஞ்ச உறிஞ்ச
ஒரே சுருதிக்கு வந்துவிடுமென்று
நிதி கேட்ட தாளில் எழுதியிருந்தோம்.

திரையில் சிகரம் கூராகவில்லை.
தை மழை தள்ளிய கதிராய்
இடப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது.

"இடிக்க ஆளே இல்லையே,
ஏன் தடுமாறுது?"
ஹசீனா கேட்கிறாள், பன்னைப் பிய்த்தபடி.

அகல வீசினால் சுருதி இறங்குகிறது,
ஒடுங்கினால் ஏறுகிறது.
மிச்சமுள்ள கொஞ்சம் மூலக்கூறுகளின் சூடு
எவ்வளவு வீசுவதென்று
முடிவெடுக்க விடாமல் வைத்திருக்கிறது.
இத்தனை நாள் காற்றைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

வெளியே ஈர நெல்லோடு லாரி.
மேசை வரைக்கும் வருகிறது அந்தக் கனம்.
திரையில் வெறும் கோடு.

பம்பை நிறுத்திக்
காற்றை உள்ளே விடுகிறோம்.
கூத்தாநல்லூருக்கு இனி காலையில்தான் பஸ்.
ஹசீனா நெபுலைசரைக் குலுக்குகிறாள்.