பூச்சியம் ஏக்கர், பூச்சியம் ரூட்

நாடா மீட்டரில் பேசும்.
உறுதிப்பத்திரம் பேர்ச்சில்தான் கேட்கும்.
நடுவில் நான்,
ஹேமசிறி மாத்தயாவின் கணக்குக் கொப்பியோடு
அட்டை கடித்த காலைச் சொறிந்துகொண்டு
மஸ்கெலியாவுக்கு மேலே, மேற்பிரிவில்.

ஐந்து மீட்டர், கூட மூன்று சென்டிமீட்டர்:
ஒரு பேர்ச்.
அதையே நாலு பக்கமும் மடித்து மூடினால்
அதுவும் பேர்ச்.
நீளத்துக்கும் பரப்புக்கும் ஒரே பேர்!
வைத்தவர் எந்த ஊர்க்காரரோ,
பேர் வைத்தே களைத்துப்போனவர்.

சங்கிலிக்கும் இதே கூத்து.
கொப்பியில் அது இருபது மீட்டர்,
மேலே ஒரு சாண் கூட வராத மிச்சம்.
செபமாலையைக் கேட்டால்
ஒன்றரைப் பவுண்,
அட்டனில், அடகில்.

லயத்துக்குப் பின்னால், பீலியைத் தாண்டி
முப்பத்திரண்டாம் துண்டு அவளுக்கு.
எழுதி வாசித்துக் காட்டினேன்:
பூச்சியம் ஏக்கர், பூச்சியம் ரூட், ஏழு பேர்ச்.
"முன்னுக்கு எதுக்கு ரெண்டு முட்டை?"
அப்படித்தான் எழுதுவது அக்கா,
இல்லாததை முதலில்.

சும்மா இருந்த நேரத்தில்
அவளுடைய காம்பராவையும் வகுத்துப் பார்த்தேன்.
பத்தடிக்குப் பன்னிரண்டடி.
பேர் ஆறு.
பேர்ச் அரைகூட இல்லை.

பிறகுதான் பிடித்தாள்.
நாடாவின் கீழ்நுனியைப் பிடித்திருந்தவள் அவள்தானே.
"பதினாறுன்னு கத்துனீங்க, என் காதால கேட்டேன்.
பதினாலுன்னு எழுதுறீங்க.
கொழுந்து நிறுக்கையில
சாக்குக்கு ரெண்டு கிலோ,
ஈரத்துக்கு ரெண்டு கிலோன்னு கழிப்பாங்களே,
அந்தக் கணக்கா?"

இல்லை அக்கா.
கடதாசிக்கு மலை ஏறத் தெரியாது.
உச்சி வெயிலில் உங்கள் நிலத்துக்கு நிழல் விழுந்தால்
எவ்வளவு விழுமோ
அவ்வளவுதான் அதற்கு நிலம்.
சரிவு இருபத்தெட்டுப் பாகை.
பதினாறு மீட்டர் நாலு சென்டிமீட்டர் நடந்தால்
பதினாலு மீட்டர் பதினாறுதான் நகர்ந்ததாக எழுதுவோம்.
எல்லாருக்கும் அப்படித்தான்,
தொரை பங்களாவுக்கும்.

"பங்களா சமதரையில இருக்கு."

நான் கொப்பியைப் பார்த்தேன்.

"சரி, கழிச்சது எவ்வளவு?"
அகலம் பன்னிரண்டரை. பெருக்கினேன்.
ஒரு பேர்ச்சுக்குக் கொஞ்சம் குறைய.
இரண்டு காம்பரா,
அதற்கு மேல் ஓர் அடுப்பு வைக்க இடம்.

"எங்க இருக்கு, காட்டுங்க."

கையை நீட்டினேன், மடக்கினேன்.
அது ஒரு மூலையில் இல்லை.
கல் பொறுக்கிக் கட்டி, இதோ உங்களுடையது
என்று காட்ட முடியாது.
ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் இருக்கிறது,
மீட்டருக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர்,
முழங்கால் வலிக்கிற இடமெல்லாம்.

செபமாலை மேலிருந்து கீழே ஒரு தரம் நடந்தாள்.
கீழிருந்து மேலே ஒரு தரம்.
மாத்தயா கீழே ஜீப்பில் ஹோர்ன் அடித்தார்.
கையெழுத்து வைக்கும்போது கேட்டாள்:
"இதுக்கு வரி கட்டணுமா, இந்தக் கடதாசில இல்லாததுக்கு?"
வேண்டாம் என்றேன்.
முதல் முறையாகச் சிரித்தாள்,
பல்லில் வெற்றிலை.

மறுபடி அந்தப் பக்கம் போனது ஐப்பசி மழைக்குப் பின்.
சௌசௌவுக்குப் பந்தல் போட்டிருந்தாள்.
நாலு கம்பு, நட்டுக்குத்தாக.
என் வரைபடத்தில் அவை நாலு புள்ளி,
பரப்பு பூச்சியம்.
கொடி அதில் ஏறித் தலைக்கு மேலே
பச்சையாக ஒரு துண்டை விரித்திருந்தது,
ஏறக்குறையச் சமதரையாக.

உறுதி இன்னும் வரவில்லை.
லொறிக்காரன் வந்திருந்தான்.
சாக்குக்குக் கழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு
தராசு முள் நிற்கும்வரை
அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
நானும்.