தொண்ணூற்றாறு டச்

கணக்குப் பேசத்தான் வந்தான்
சகலை அர்த்தநாரி.
தை மாதம் கொண்டுபோன முக்கால் கிலோ வெள்ளி
கொலுசாகத் திரும்பியபோது
நாற்பது கிராம் குறைவு.
சேதாரம் என்றான்.
திருட்டு என்று நான் சொல்லவில்லை.
தராசுத் தட்டைத் துடைத்துத் துடைத்து வைத்தேன்.

பேச்சு முற்றுவதற்குள் இருமினான்.
மறுநாள் காய்ச்சல்.
அன்றோடு தாரமங்கலம் பஸ்ஸும் நின்றது.
மூன்றாம் நாள் போனில் முடிவு வர,
மாநகராட்சி ஆள் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்.
பசை காயுமுன்னே ஒரு முனை கழன்று
செவ்வாய்பேட்டைக் காற்றில் படபடத்தது.

"லேசானதுதான், வீட்டிலேயே வெச்சுப் பாருங்க."
லேசு.
முப்பது வருஷமாய் மில்லி கிராம் பார்க்கிறவன் நான்,
இதை எதில் போட்டு நிறுப்பது?

கோகிலாவும் பிள்ளைகளும் மாடிக்குப் போனார்கள்.
எதிரே உட்கார்ந்து வாதாடியவன் என்பதால்
நானும் கீழேயே.
பாலீஷ் மோட்டாருக்கும் சுவருக்கும் நடுவில் அவன் பாய்.
வாசற்படிக்கு இப்பால் என் நாற்காலி.
கயிறு கட்டிய தூக்குச்சட்டியில்
மேலிருந்து இறங்கும் மிளகு ரசம்,
பாதி கொட்டிக்கொண்டு.

ஆக்சிமீட்டரை ஷமீம் பாய்
ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்.
மாட்டினால் எண்ணே வரவில்லை.
வெறும் கோடு.
என் நெஞ்சுதான் ஒரு நொடி நின்றது.
அப்புறம் பார்த்தால்
அவன் விரலெல்லாம் பட்டறைக் கரி.
பூந்திக்கொட்டை ஊறவைத்து
நகக்கண் வரை தேய்த்தேன்,
கொலுசுத் திருகாணி தேய்ப்பதுபோல.
அவன் கையை அதற்கு முன் நான் தொட்டது
என் கல்யாணப் பந்தலில்.

தொண்ணூற்றாறு.
தொண்ணூற்றாறு டச் வெள்ளி என்றால்
கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன்.
மனுஷனுக்கு
இரண்டு குறைந்தால் ஆம்புலன்ஸுக்கு யோசிக்கணுமாம்.

எழுதிவைக்கச் சொன்னார்கள்.
கைக்கு எட்டியது பேரேடு,
விரிந்து கிடந்தது அவன் பக்கம்.
காலை எண்ணை வரவில் போட்டேன்,
ராத்திரி எண்ணைப் பற்றில்.
மேலே, சிவப்பு மையில்,
அந்த நாற்பது.

ஐந்தாம் ராத்திரி தொண்ணூற்று நாலு.
குப்புறப் படுக்கச் சொன்னேன்.
ஏற்காட்டு மலைப்பாதையில்
ஒரு வண்டி விளக்குக்கூட ஊரவில்லை.
தெருவில் எந்தப் பட்டறையும் தட்டவில்லை.
அவன் மூச்சு மட்டும்
மழுங்கின அரம் மாதிரி போய்ப் போய் வந்தது.
நிமிஷத்துக்கு இருபத்திரண்டு.
திரும்ப எண்ணினால் இருபது.
தப்பாக எண்ணினேனோ என்று இன்னொரு தரம்.

"சகல, தூங்கலையா?"
"கொசு."
"அந்த நாப்பது கிராமு…"
"படு. பேசினா இளைக்கும்."
என்ன சொல்ல வந்தானோ.
விடியும்போது தொண்ணூற்றேழு.
இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் மல்கோவா நறுக்கிக் கொடுத்தேன்.
ஈரப் பஞ்சை மெல்வதுபோல் மென்று
கொட்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.
சேலத்தில் மாம்பழ மாசத்தில்
வாசனை தெரியாமல் ஒருத்தன் இருப்பதை
அன்றுதான் பார்த்தேன்.
காய்ச்சலைவிட அதுதான் பயமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை, உள்ளேயிருந்து சத்தம்:
"பாலு அடிப்புடிச்சுருச்சு போல!
இதுகூடப் பாக்க மாட்டியா, என்ன மனுசன்யா நீ?"
கரண்டியோடு நின்றேன்.
அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை,
இன்னும் கொஞ்சம் கருகட்டும் என்று.

பதினைந்தாம் நாள்
பால் வண்டிக்காரரோடு தொற்றிக்கொண்டு ஊர் போனான்.
மெலிந்ததில் பேண்ட் நழுவ,
என் பழைய பெல்ட்டைக் கட்டியிருந்தான்.
பேரேட்டை மூடுமுன் கூட்டிப் பார்த்தேன்.
வரவும் பற்றும் ஒட்டவில்லை.
பக்கத்தைக் கிழிக்கவில்லை, சிவப்பையும் அடிக்கவில்லை.
நாற்பது கிராம் நாற்பது கிராம்தான்.
ஆடி கழியட்டும், கேட்பேன்.
பெல்ட்டையும் சேர்த்து.