வல்லின ற

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டம் என்று
முப்பத்தொரு டைரிகளில் எழுதி அனுப்பினேன்.
வந்தவர்கள் ஐந்து பேர்.
அதில் ஒருவர் வழி தவறிய கேஸ் சிலிண்டர்காரர்.
பிளாஸ்டிக் நாற்காலிகளை
பசவராஜுவும் நானும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினோம்.
‘யாரூ பரல்லா மேடம்’ என்றார்.
ஃபிளாஸ்கில் காபி முக்கால்வாசி மிச்சம்.
பதிவேட்டின் ஓரத்தில்
‘அக்கறையில்லாத பெற்றோர்’ என்று எழுதினேன்,
மைப் பேனாவில்.

ஸ்ரீராமபுரத்தில் மழை பிடித்தால்
எங்கள் மூன்றாம் வகுப்புக் கரும்பலகை வியர்க்கும்.
அப்படி ஒரு திங்கட்கிழமைதான்
கௌசிகாவின் டைரியைக் கவனித்தேன்.
அம்மா கையெழுத்து என்ற இடத்தில்
பொர்கொடி.
ஊதா வண்ணப் பென்சில்.
கொம்பு வளைகிற இடத்தில் அதே தயக்கம்,
அவள் நோட்டில் தினமும் நான் பார்க்கும்
அதே குண்டு ‘டி’.
ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை சொல்வதெழுதுதல்.
கற்கண்டு என்றேன்.
கர்கண்டு என்று எழுதியிருந்தாள்.
வல்லின ற போடு என்று
பலகைக்கு வரவழைத்துப் பத்து முறை எழுத வைத்தேன்.

வியாழக்கிழமை டைரியில்
பொற்கொடி.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.
எந்த அம்மா
இரண்டே நாளில்
தன் பெயரின் எழுத்தை மாற்றிக்கொள்வாள்?
சிவப்பு மையில் வட்டம் போட்டேன்.
‘பெற்றோரே நேரில் வந்து கையெழுத்திடவும்.’
கௌசிகா வட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
டைரியை மூடிப் பையில் வைத்தாள்.
அழவில்லை.
அதையும் குற்றக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை, மணி ஏழாகப் போகிறது.
சத்துணவுக் கணக்கு இடித்ததால் நான் இன்னும் கிளம்பவில்லை.
கழுத்தில் ஃபேக்டரி அட்டை, துப்பட்டாவில் நூல் பிசிறு,
பீண்யாவிலிருந்து இரண்டு பஸ் மாறி
வந்து நின்றாள்.
‘சனிக்கிழமை வந்தா அரை நாள் சம்பளம் போயிடும் டீச்சர்.
அட்டெண்டன்ஸ் போனஸும் போயிடும்.’
மன்னிப்பாகச் சொல்லவில்லை,
விலைப்பட்டியல் வாசிப்பது போலச் சொன்னாள்.
பிறகு குழந்தைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து
பைக்குள்ளிருந்து ஊதாப் பென்சிலை எடுத்தாள்,
துணியில் அளவு குறிக்கிற பென்சில்.
நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.
பொ.
கொஞ்சம் மூச்சு.
ற்.
அந்தப் புள்ளியை மட்டும் இன்னொரு முறை அழுத்தினாள்.

‘ரெண்டு ர இருக்குன்னு எனக்குத் தெரியாது.
நீங்க செவ்வாக்கிழமை அவளத் திருத்துனீங்க.
அன்னிக்கு ராத்திரியே அவ என்னைத் திருத்திட்டா.
பத்து வாட்டி எழுத வச்சா.’

பத்து வாட்டி.
நான் நாற்காலி அடுக்கிவிட்டுச் சலித்துக்கொண்ட அதே வாரத்தில்
என் வகுப்பு
ஒரு வாடகை அறையில், குக்கர் விசிலுக்கு நடுவில்,
இரவு ஒன்பதரைக்கு நடந்திருக்கிறது.
எனக்குத்தான் யாரும் சொல்லி அனுப்பவில்லை.

வாசல் வரை போனவள் திரும்பினாள்.
‘நானும் ஒண்ணு கேக்கலாமா?
மத்தியானம் அவ சாப்பிட்டாளான்னு
நீங்க ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்புவீங்களா?’

இப்போது கூட்டம் புதன்கிழமை ஏழரைக்கு, இரவில்.
பசவராஜு முணுமுணுத்துக்கொண்டே டியூப்லைட் போடுகிறார்.
பதினான்கு பேர் வருகிறார்கள், சில வாரம் ஒன்பது.
போன முறை ஒரு அப்பா கடைசி வரை தூங்கினார்.
யாரும் எழுப்பவில்லை.
பதிவேட்டின் ஓரத்தில் அந்த இரண்டு சொற்கள்
அப்படியே இருக்கின்றன.
கையெழுத்து என்னுடையதேதான்,
யாரும் சந்தேகப்பட முடியாது.

கௌசிகாவின் டைரியில் இப்போது இரண்டு கோடுகள்.
‘முழுதும் சாப்பிட்டாள்.’
‘முட்டையை ரேஷ்மாவுக்குக் கொடுத்துவிட்டாள்.’
எழுதி, கீழே அவசரமாக ஒரு கிறுக்கல்
போட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று என் கிறுக்கலைச் சுற்றி ஊதா வட்டம்.
‘புரியல டீச்சர். பேர முலுசா போடுங்க.’

முழுதாகப் போட்டேன்.
திங்கட்கிழமை
ழ நடத்த வேண்டும்.